அகிலனும் பால்மரத் தோட்டத்து வாசகரும்

ஓர் எழுத்தாளரின் நூல்களை மிகப் பலர் விரும்பிப் படிக்கின்றனர் என்றால், அதனை அவருடைய சிறப்பாகக் கொள்வதா, குறையாகக் கொள்வதா? தமிழ்த் திறனாய்வுலகில் இவ்வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வருகின்றது. பலர் படிப்பது பொழுதுபோக்கு என்றும், சிலர் தேடிப் படிப்பதே இலக்கியம் என்றும் ஒரு சாரார் கூறுவர். மக்கள் ஏற்றுக்கொண்டதே இலக்கியம், ஏனையவை ஏட்டுச் சுரைக்காய் என்று மறு சாரார் கூறுவர். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். படித்தவர் யார், எந்நிலையில் இருந்து படித்தார், படித்ததனால் அவர் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதே அது. வாசகரை விட்டுவிட்டுப் புகழ்பெற்ற ஓர் எழுத்தாளரை எடைபோடுதல், தராசின் ஒரு தட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிறுப்பதை ஒக்கும்.

இக்கட்டுரை அகிலனின் புதினங்களை ஒரு குறிப்பிட்ட வாசகரின் இடத்திலிருந்து நோக்க முயல்கின்றது. அவ்வாசகர் கோலசிலாங்கூர் வட்டாரத்தைச் சேர்ந்தவர். தஞ்சோங் காராங், சுங்கை புரோங், செகிஞ்சான் எனக் கடலோரமாக வடக்கு நோக்கிச் சென்றால் கண்ணுக்கெட்டிய தொலைவு நெல்வயல்கள். உட்பகுதிக்குத் திரும்பினால் புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007ஆம் ஆண்டிலிருந்து பெஸ்தாரி ஜெயா என வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தை எனத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர்கள். முன்பு பால்மரங்களும் பின்னர் செம்பனையும் நின்ற மண் இது. இத்தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் ஒரு காட்சியை நினைவுகூர்வர். மாலையில் லயத்து வாசலில், படிக்கத் தெரிந்த ஒருவர் தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த பழைய வார இதழை உரக்கப் படிப்பார். கையெழுத்திடவும் அறியாத பலர் சுற்றிலும் அமர்ந்து கேட்பர். இதழ் கைமாறிக் கைமாறி அட்டையை இழந்துவிடும். ஆயினும் தொடர்கதைப் பக்கம் மட்டும் கிழியாமல் காக்கப்படும். அத்தொடர்கதைகளுள் பல அகிலனுடையவை.

வாழ்வும் வரவேற்பும்

அகிலன் 1922ஆம் ஆண்டு புதுக்கோட்டையைச் சார்ந்த பெருங்களூரில் பிறந்தவர். அகிலாண்டம் என்பது இயற்பெயர். இரயில்வே அஞ்சல் பிரிப்புப் பணியில் இருந்துகொண்டே எழுதிவந்தார். 'பெண்' என்னும் புதினம் 'கலைமகள்' இதழ் நடத்திய நாராயணசாமி ஐயர் நினைவுப் போட்டியில் பரிசு பெற்றது. பின்னர் 'கல்கி' இதழில் 'பாவை விளக்கு', 'வேங்கையின் மைந்தன்', 'கயல்விழி' ஆகியவையும், 'ஆனந்த விகட'னில் 'சித்திரப்பாவை'யும் தொடர்களாக வெளிவந்தபோது, அவர் பெயரை அறியாத தமிழ் வாசகர் அரியர் என்னும் நிலை உண்டாயிற்று. பிற்காலத்தில் சென்னை வானொலியில் பணியாற்றினார். 1988ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறைந்தார்.

திரைப்படத் துறையும் அவரைத் தேடி வந்தது. 'பாவை விளக்கு' 1960இலும், 'வாழ்வு எங்கே' என்னும் புதினம் 'குலமகள் ராதை' என்னும் பெயரில் 1963இலும், 'கயல்விழி' 'மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்' என்னும் பெயரில் 1978இலும் படங்களாயின. 'வேங்கையின் மைந்தன்' 1963ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதமிப் பரிசைப் பெற்றது. 'சித்திரப்பாவை'க்கு 1975ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு கிடைத்தது. தமிழுக்கு வந்த முதல் ஞானபீடம் அதுவே. அதன்பின் 2002ஆம் ஆண்டுக்குரிய பரிசு ஜெயகாந்தனுக்கு அளிக்கப்படும்வரை தமிழ் கால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று.

பரிசு வந்தபோது எதிர்ப்பும் உடன் வந்தது. சுந்தர ராமசாமி போன்றோர் அத்தேர்வைக் கடுமையாகத் தாக்கி எழுதினர். வார இதழின் தேவைக்கு ஏற்பப் புனையப்பட்ட கற்பனைகளுக்கு இலக்கியப் பெருமை சூட்டுவது தகாது என்பது அவர்கள் கருத்து. அவ்வெதிர்ப்பில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அது முழு உண்மையா என்பதை ஆராய்தல் நம் கடமையாகும்.

முடிவெடுக்கும் மாந்தர்

அகிலனின் சமூகப் புதினங்களை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, அவற்றின் உயிர்நாடி காதலன்று என்பது புலனாகும். காதல் கதையின் கொடி. அது படரும் கொம்பு வேறு. எளிய மனிதர் ஒருவர், தம்மைச் சூழ்ந்த வழக்கத்துக்கும் தம் மனச்சான்றுக்கும் இடையே நின்று, இறுதியில் தாமே ஒரு முடிவை எடுக்கும் அந்த நொடியே அக்கொம்பு.

'சித்திரப்பாவை'யை எடுத்துக்கொள்வோம். ஆனந்தி ஓவியனாகிய அண்ணாமலையிடம் அன்பு கொண்டவள். மாணிக்கம் அவளை வலிந்து தொட்டு முத்தமிடுகின்றான். ஒருவன் தீண்டிவிட்டால் அவனுக்கே உரியவள் என்னும் வழிவழி எண்ணம் அவளைப் பிணிக்க, அவனையே மணந்துகொள்கின்றாள், துன்புறுகின்றாள். கதையின் முடிவில் தாலியைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியேறி அண்ணாமலையிடம் வருகின்றாள். இம்முடிவு சரியா, தவறா என்று வாதிடாத வாசகர் வட்டம் இருந்திருக்க இயலாது. ஆயின் வாதத்தின் பொருளை விட, வாதம் நிகழ்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒரு பெண்ணின் வாழ்வை அவள் தந்தையோ கணவனோ ஊரோ அன்றி, அவளே தீர்மானிக்கலாமா என்னும் வினா, வார இதழின் விலையில் ஒவ்வொரு குடிசைக்கும் சென்று சேர்ந்தது.

'பாவை விளக்கு' மற்றொரு வகையில் கருதத்தக்கது. அதன் தலைவன் தணிகாசலம் ஓர் எழுத்தாளன். தேவகி, செங்கமலம், கௌரி, உமா எனப் பெண்டிர் நால்வர் அவன் வாழ்வில் இடம்பெறுகின்றனர். இவர்களுள் உமா அவன் எழுத்தைப் படித்து அவ்வெழுத்தின் வழியே அவனை அடைந்தவள். அதாவது வாசகியே கதைமாந்தராகி நிற்கின்றாள். புகழ்பெற்ற ஓர் எழுத்தாளர் தம்மைப் படிப்பவரைக் கூட்டமாகக் கருதாமல், நெஞ்சமுடைய ஓர் உயிராகக் கருதினார் என்பதற்கு இது சான்று. தம் வாசகரை அவர் மதித்தார். வாசகர் அதனை உணர்ந்தனர். அவர் பெற்ற செல்வாக்கின் மறைபொருள் இதுவே எனலாம்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன் மணி அடித்தால் எழ வேண்டும். பெரட்டுக்களத்தில் பெயர் அழைக்கப்படும்போது நிற்க வேண்டும். எந்த நிரையில் வெட்டுவது என்பதைக் கங்காணி சொல்வார். பால் எவ்வளவு என்பதைக் கிராணி எழுதுவார். எந்த லயத்தில் குடியிருப்பது என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். தோட்டத்தையே விற்றுவிடுவது என்பதைக் கடல் கடந்து இருக்கும் முதலாளி முடிவு செய்வார். ஒரு தலைமுறை தன் வாழ்வில் எதையும் தானே தீர்மானிக்காமல் பிறந்து, உழைத்து, மறைந்தது. அத்தகையோர் மாலையில் அமர்ந்து, தம்மைப் போன்ற எளியவள் ஒருத்தி தன் வாழ்வைத் தானே தீர்மானித்தாள் என்று கேட்டபோது, அதனை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகுமா? முடிவெடுக்கும் உரிமை தமக்கும் உண்டு என்னும் எண்ணத்தின் முதற் பயிற்சி சிலருக்கு அங்கேதான் வாய்த்திருக்கும்.

மன்னனின் கடலும் கூலியின் கடலும்

வரலாற்றுப் புதினங்களின் நிலை சற்று வேறானது. 'வேங்கையின் மைந்தன்' முதலாம் இராசேந்திர சோழன் காலத்தைக் களமாகக் கொண்டது. ஈழத்தில் மறைத்து வைக்கப்பட்ட பாண்டியர் மணிமுடியை மீட்டல், கொடும்பாளூர் இளங்கோவின் வீரம், அவன்பால் அன்பு கொண்ட அருள்மொழி, ரோகிணி என்னும் இருவரின் மனப்போராட்டம் ஆகியவை அதன் இழைகள். படிப்போரைப் பெருமிதத்தில் ஆழ்த்தும் நூல் அது.

மலேசிய வாசகருக்கு இராசேந்திரன் வெறும் பழங்கால மன்னன் அல்லன். 1025ஆம் ஆண்டளவில் அவன் கடற்படை வென்ற கடாரம் இன்றைய கெடா மாநிலப் பகுதியே என்பர் வரலாற்றறிஞர். தம் முன்னோர் இம்மண்ணுக்கு வெற்றிக் கொடியுடன் வந்தவர் என்னும் நினைவு, அதே கடலைக் கப்பலின் மேல்தளத்தில் மூட்டை முடிச்சுகளுடன் கடந்து வந்தவரின் பேரனுக்கு எத்துணை ஆறுதலாக இருந்திருக்கும்! சிறுமைப்பட்ட ஓர் இனம் நிமிர்ந்து நிற்க இத்தகைய ஊன்றுகோல் தேவைப்படும் காலம் உண்டு.

ஆயினும் ஆறுதல் வேறு, அறிவு வேறு. மன்னனின் கடலைப் பாடிக்கொண்டே கூலியின் கடலை மறந்துவிட்டால் பெருமிதம் மயக்கமாகிவிடும். நம் வரலாறு கடாரத்தில் தொடங்கி நேரே இன்றைக்குத் தாவுவதில்லை. இடையில் சஞ்சிக் கூலிகளும் கங்காணி அழைத்து வந்தோரும் உள்ளனர். 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதையில் மாண்டோர் உள்ளனர். இவர்களைப் பற்றி வரலாற்றுப் புதினம் எழுத வேண்டியவர் தமிழகத்து எழுத்தாளர் அல்லர், நாமே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற படைப்புகள் அவ்வழியில் எழுந்தவை.

தோட்டத்தைக் கண்ட இருவர்

தோட்டத்தைக் கண்டு புதினம் படைத்த இருவரை ஒப்பு நோக்குதல் ஈண்டுப் பயன் தரும். ஒருவர் நம் கோலசிலாங்கூர் மண்ணிலேயே வாழ்ந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபொக்கொனியே. இவர் 1905ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து, சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய பகுதியில் தோட்டம் அமைத்தவர். பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு இவர் நட்டதே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிர் எனப்படுகின்றது. தோட்டத்தின் பெயரே தமிழ்ச் சொல்லின் ஒலியைத் தாங்கி நிற்பதைக் காண்க. இவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930ஆம் ஆண்டு பிரான்சின் உயரிய கொன்கூர் பரிசைப் பெற்றது. மலாய் மக்களின் உள்ளத்தையும் பந்துன் பாடல்களையும் ஆழ்ந்து நேசித்து எழுதப்பட்ட நூல் அது. ஆனால் அவருடைய தோட்டத்தில் உழைத்த தமிழர் அக்கதையின் நடுவிடத்தைப் பெறவில்லை. துரையின் பார்வைக்கு எட்டிய தொலைவில் வந்து போகின்றவராகவே அவர்கள் நின்றுவிட்டனர்.

மற்றவர் அகிலன். 1970களில் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைக் கண்டு சென்றபின் அவர் எழுதியது 'பால்மரக் காட்டினிலே'. தமிழகத்தில் பெரும்புகழ் பெற்ற ஒருவர், தம் செல்வாக்கின் உச்சியில், ஞானபீடத்தின் ஒளி தம்மேல் விழுந்த காலத்தில், பால்வெட்டுத் தொழிலாளியைக் கதையின் நடுவில் நிறுத்தினார். ஃபொக்கொனியே பல்லாண்டுகள் இங்கே வாழ்ந்தும் செய்யாததை, விருந்தினராக வந்து சென்ற அகிலன் செய்தார். மொழியால் ஒன்றுபட்டதும், தம்மைப் படித்தவரிடம் தாம் கடன்பட்டிருக்கின்றோம் என்னும் உணர்வுமே இதற்குக் காரணம் என்று நான் கருதுகின்றேன். உமாவைப் படைத்த கை, வாசகரைத் தேடிக் கடல் கடந்து வந்தது. அதுவரை கதை கேட்டுக்கொண்டிருந்தவர் கதையாயினர்.

நிறையும் குறையும்

இங்ஙனம் போற்றிய பின்னர்க் குறையைக் கூறாவிடில் இக்கட்டுரை திறனாய்வு ஆகாது, வாழ்த்துரையாகிவிடும்.

அகிலனின் குறை அவருடைய நிறையிலிருந்தே பிறக்கின்றது. அவர் மாந்தர் முடிவெடுக்கின்றனர் என்றோம். ஆனால் அம்முடிவு அவர்களுக்குப் பெரும்பாலும் எளிதாக்கப்பட்டிருக்கின்றது. அண்ணாமலை தூயவன், மாணிக்கம் தீயவன். ஒருபுறம் கலை, மறுபுறம் பணவேட்கை. இவ்வாறு ஒளியும் இருளும் வரப்பிட்டுப் பிரிக்கப்பட்ட வயலில், எப்பக்கம் செல்வது என்னும் ஐயம் வாசகருக்கு எழுவதே இல்லை. ஆனந்திக்கு ஊரின் பழிச்சொல்லைத் தாங்கும் துணிவு வேண்டியிருந்தது. எது நன்று என்று அறியும் துன்பம் வேண்டியிருக்கவில்லை. ஆசிரியரே அதனை அவளுக்காக முன்கூட்டி முடித்துவிட்டார்.

தோட்டத்து மனிதருக்கு வாய்த்த முடிவுகளோ இத்தகையன அல்ல. 1950களிலும் 1960களிலும் அயல்நாட்டுக் குழுமங்கள் தோட்டங்களை விற்றன. அவை துண்டு துண்டாகக் கைமாறின. கிடைத்த சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு வெளியேறுவதா, குத்தகைக்காரரிடம் குறைந்த கூலிக்கு இருந்த இடத்திலேயே இருப்பதா? 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தனின் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, மாதம் 10 வெள்ளி செலுத்தித் தோட்டத்தில் பங்குடையவராவதா, அதே 10 வெள்ளியைக் கொண்டு வீட்டில் அடுப்பெரிப்பதா? 1969ஆம் ஆண்டு குடியுரிமையற்றோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, சிவப்பு அடையாள அட்டையுடன் இங்கேயே காத்திருப்பதா, ஒருமுறையும் கண்டறியாத தமிழக ஊருக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்புவதா? இவற்றுள் எது ஒளி, எது இருள்? எந்தப் பக்கம் சென்றாலும் இழப்பு உண்டு. நல்லவரே தவறான முடிவை எடுப்பர். தவறான முடிவும் சில வேளைகளில் குடும்பத்தைக் காத்துவிடும். இலட்சிய நாயகர்களைக் கொண்டு இவ்வாழ்வைச் சொல்லி முடித்துவிட இயலாது.

மேலும், விருந்தினரின் கண் ஒரு வகை. வீட்டுக்காரரின் கண் ஒரு வகை. விருந்தினர் துன்பத்தைக் காண்பார், இரங்குவார். வீட்டுக்காரரோ அத்துன்பத்தின் நடுவே நிகழும் கேலியையும், கோவில் திருவிழாச் சண்டையையும், ஆயாக் கொட்டகையில் விடப்பட்ட பிள்ளையின் அழுகை பால்வெட்டும் தாயின் கைவேகத்தைக் குறைப்பதையும் அறிவார். மங்கில் பால் சொட்டும் ஒலியும், மழை வந்து அன்றைய பால் கெட்டுப்போனால் அன்றைய கூலியும் போயிற்று என்னும் அச்சமும் அவர் உடலில் பதிந்தவை. 'பால்மரக் காட்டினிலே'யைக் கையிலெடுக்கும் மாணவர், கா. பெருமாளின் 'துயரப் பாதை'யையும் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை'யையும் உடன் வைத்துப் படிப்பாராக. எது இரக்கத்திலிருந்து எழுந்த சொல், எது பட்டறிவிலிருந்து எழுந்த சொல் என்று ஒவ்வொரு பக்கத்திலும் கேட்டுப் பார்ப்பாராக. அவ்வாறு கேட்பதே திறனாய்வின் முதற் பாடம். ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவதற்காக அன்று. இரண்டும் எவ்வெப் பணியைச் செய்தன என்று அறிவதற்காகவே இவ்வொப்பீடு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

நம் பள்ளிகளில் இருவகை ஆசிரியர் உள்ளனர். ஒருவர், பரிசு பெற்ற நூல் ஆதலின் குறையற்றது என்று கூறி மாணவரை மனனம் செய்யப் பணிப்பார். மற்றவர், வார இதழ்க் கதை ஆதலின் பொருட்படுத்தத் தக்கதன்று என்று கூறி ஒதுக்குவார். இருவரும் மாணவரின் முடிவைத் தாமே எடுத்துவிடுகின்றனர். எளிய மாந்தர் தாமே முடிவெடுக்கலாம் என்று வாழ்நாளெல்லாம் எழுதிய ஒருவரை, மாணவர் தாமே முடிவெடுக்க இயலாதவாறு கற்பிப்பது முரணாகும்.

அகிலன் தம் கலையைப் பற்றி மறைத்து வைத்தவர் அல்லர். 'கதைக்கலை' என்னும் நூலில் புனைகதை எழுதும் முறையையும், 'எழுத்தும் வாழ்க்கையும்' என்னும் நூலில் தம் அனுபவங்களையும் வெளிப்படையாக எழுதியுள்ளார். மாணவர் அவற்றைப் படித்து, அவர் சொன்னதும் செய்ததும் எங்கே ஒன்றுகின்றன, எங்கே விலகுகின்றன என்று காணலாம். ஆனந்தியின் முடிவை ஏற்பவர் ஒரு கட்டுரையும் மறுப்பவர் ஒரு கட்டுரையும் எழுதட்டும். அதற்கப்பால், தம் பாட்டனார் தோட்டம் விற்கப்பட்ட நாளில் என்ன முடிவெடுத்தார், ஏன் எடுத்தார் என்று வீட்டில் கேட்டு வந்து ஒரு பக்கம் எழுதட்டும். அப்பக்கத்தில் ஒளியும் இருளும் வரப்பிட்டு நில்லா. அங்கே நம் அடுத்த புதினத்தின் முதல் வரி இருக்கக்கூடும்.

நம் வட்டாரத்துத் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன. உரக்கப் படித்தவர்களும் சூழ்ந்திருந்து கேட்டவர்களும் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அகிலன் அவர்களுக்குக் கதை சொன்னார். பின்னர் அவர்களையே கதையாக்கினார். அத்தொண்டுக்கு நாம் நன்றியுடையோம். ஆனால் நன்றிக்கடனைப் போற்றுரைகளால் தீர்த்துவிட முடியாது. அவர் தொலைவிலிருந்து கண்டதை அருகிலிருந்து எழுதுவதும், அவர் எளிதாக்கிய முடிவுகளை அவற்றின் முழுக் கடுமையுடன் எழுதுவதும் நமக்கு எஞ்சியுள்ள பணிகள். அப்பணியை ஏற்கும் இளையோர் இவ்வட்டாரத்திலிருந்தே எழுவார்களாக.